ஏகம் சேர்த்து வைத்த தம்பதி

பல்கலைக்கழகக் குழுமத்தின் எல்லா வளாகங்களுக்கும் சேர்த்து ஒரே நிர்வாக மென்பொருள் வரப்போகிறது என்ற செய்தியை ஆய்வகக்காரர் முதலில் நம்பவில்லை. அதுவரை எல்லா வளாகங்களுக்கும் பொதுவாக இருந்தது ஒழுகும் கூரை ஒன்றுதான். விடுமுறை நாளில்கூட ஒரு வளாகம் இன்னொன்றோடு ஒத்துப்போனதில்லை. ஆனால் செய்தி உண்மையாகவே இருந்தது. மென்பொருளுக்கு ‘ஏகம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஒரு மனிதர், ஒரு எண், ஒரு உண்மை’ என்ற வாசகத்தை அச்சடித்துக் கழிப்பறைக் கதவு வரைக்கும் ஒட்டினார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு எழுதிய மனு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆய்வகக்காரர் ஆற்றோரத்து வளாகத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். குழாய் கழுவுவது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, கையைச் சுட்டுக்கொண்ட மாணவர்களைத் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர் வேலை. அவர் மனைவி மலையடி வளாகத்தில் நூலகர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு முழுப் பகல் பேருந்துப் பயணம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான்.

மகள் அம்மாவோடு மலையடியில் வளர்ந்தாள், பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் சாயங்காலம் போனில் வருகிறவர். மாதத்துக்கு ஒருமுறை அவர் நேரில் வந்து நிற்கும்போது, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுத் தோழியிடம், “இவருதான் எங்க போன் அப்பா” என்று அறிமுகம் செய்துவைத்தாள். அன்றைக்குத் திரும்பிவந்த பேருந்தில் ஆய்வகக்காரர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேரும் வரை அழுதார்.

கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை பார்க்க மாறுதல் கேட்கலாம் என்று குழுமத்தில் ஒரு விதி உண்டு. விதிக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கமும் உண்டு. இரண்டு பேருமே மனு போடுவார்கள். அவள் ஊருக்கு இவர் கேட்பார், இவர் ஊருக்கு அவள் கேட்பாள். எந்த ஊரில் முதலில் இடம் காலியாகும் என்று யார் கண்டது? ஒன்று பலித்துவிட்டால் மாறுதல் பிரிவு எழுத்தர் மற்றதைக் கிழித்துக் குப்பையில் போடுவார். எந்த விதியிலும் இல்லாத இந்தக் கிழிப்பினால்தான் குழுமத்தில் பல குடும்பங்கள் ஒரு கூரைக்குக் கீழே வந்தன. எழுத்தர் ஒன்றும் உத்தமர் இல்லை. ஒரு கோப்பை நகர்த்துவதற்குள் மனுப் போட்டவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிடுவார்கள். மதியம் அந்தக் கோப்பின் மேலேயே டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவார். ஆனால் கிழிக்க வேண்டியதை மறக்காமல் கிழித்துவிடுவார்.

ஆய்வகக்காரரும் மனைவியும் வழக்கப்படி ஆளுக்கொரு மனு போட்டிருந்தார்கள். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் ஏதாவது ஒன்றை முடித்துத் தருவதாக எழுத்தர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஏகம் வந்து சேர்ந்தது.

ஆற்றோரத்தில் நடந்த தொடக்க விழாவுக்குத் தலைமையகத்திலிருந்து இயக்குநரே வந்தார். மேடையில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை வைத்திருந்தார்கள். அதிலிருந்து புறப்பட்ட கம்பி மேசை விரிப்புக்கு அடியில் போய் அங்கேயே முடிந்துவிட்டது. இயக்குநர் அழுத்தியதும் திரைக்குப் பின்னால் நின்ற மின்பணியாளர் விளக்கைப் போட்டார். சபை கைதட்டியது.

“இந்தக் குழுமத்துல எத்தனை பேர் வேலை பார்க்கறாங்கன்னு இதுவரைக்கும் எங்களுக்கே தெரியாது” என்று இயக்குநர் மனம் திறந்து பேசினார். “தெரியாமலேயேதான் இத்தனை காலம் நிர்வாகம் பண்ணிட்டு வந்தோம். இனிமே தெரிஞ்சு பண்ணப் போறோம். தெரிஞ்சதும் முதல் வேலையா எண்ணிக்கையைக் குறைப்போம்.”

குறையப் போகிறவர்களும் சேர்ந்துதான் கைதட்டினார்கள். மாறுதல் பிரிவு எழுத்தருக்கு ‘மாற்றத் தூதர்’ என்று பட்டம் கொடுத்துச் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திவிட்டார்கள். அவருடைய கோப்புகளை எல்லாம் சாப்பாட்டுக் கறையோடு படமெடுத்து ஏகத்துக்குள் ஏற்றினார்கள். கணினியை எந்தப் பக்கம் தட்டினால் விழிக்கும் என்றே தூதருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வேலையையும் பிடுங்கிக்கொண்டுதான் அவருக்கு அந்த வில்லையைக் கொடுத்தார்கள்.

ஏகம் முதலில் செய்தது இரட்டைப் பதிவு ஒழிப்பு. ஒரே ஆள் இரண்டு பெயரில் ஒளிந்திருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கும் வேலை அது. ஒரே முகவரி, ஒரே போன் எண், ஒரே குழந்தை என்று மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே ஆள்தான் என்பது ஏகத்தின் சித்தாந்தம். ஆய்வகக்காரரின் மனைவி வேலையில் சேர்ந்தபோது எல்லாத் தாள்களையும் நிரப்பியவர் அவர்தான். “என் நம்பரே இருக்கட்டும்மா. ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று சொல்லித் தன் முகவரியையும் போன் எண்ணையுமே அவளுக்கும் எழுதினார். எத்தனையோ கணவன்மார் பெருமையாகச் செய்கிற காரியம் அது. அந்தப் பெருமை இப்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வகக்காரர் ஏகத்துக்குள் நுழைந்து பார்த்தார். படம் அவருடையது. பதவி என்ற இடத்தில் ‘ஆய்வக உதவியாளர் மற்றும் நூலகர்’ என்று இருந்தது. வளாகம் என்ற இடத்தில் இரண்டு ஊரும் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள், ‘நீங்கள் வேறு இடத்தில் நுழைந்துவிட்டதால் இங்கிருந்து வெளியேற்றப்படுகிறீர்கள்’ என்று சொல்லி ஏகம் அவரைத் துரத்திவிட்டது. மலையடியில் அவர் மனைவி அப்போதுதான் நூலகத்தைத் திறந்து கணினியில் உட்கார்ந்திருந்தாள்.

இவர் மறுபடி நுழைந்தார், அங்கே அவள் வெளியே விழுந்தாள். அவள் நுழைந்தாள், இங்கே இவர் விழுந்தார். மத்தியானம் வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் போன் செய்தாள்.

“ஏங்க, கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் சொன்னாங்க, இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு. அதை ஆபீஸ்ல இப்படி நிறைவேத்துவாங்கன்னு யாரு நெனச்சா?”

சிரிக்கத்தான் சொன்னாள். இவரும் சிரித்தார். பிறகு காலையில் அவளும் மதியத்தில் இவரும் நுழைவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். சொல்ல வெட்கமான ஒன்றும் இதில் இருந்தது. பேச்சை மீறிக் காலையில் நுழைந்த அவரை ஏகம் வெளியே தள்ளும்போதெல்லாம், அவள் வந்துவிட்டாள், நல்லபடியாக வேலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அவருக்கு மனசு நிறைந்தது. தள்ளட்டும் என்பதற்காகவே சில நாள் சீக்கிரம் வந்து உள்ளே காத்திருந்தார்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கொஞ்சம்தான். அவர்களுடைய இரண்டு மாறுதல் மனுக்களுக்கும் ஒரே பதில் வந்தது. ‘மனுதாரர் ஏற்கெனவே தம் துணையோடு ஒன்றாகவே உள்ளார். மாறுதல் தேவையற்றது’ என்று இருந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஓடினார். அவர் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து கைகுலுக்கினார். ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஒற்றுமை வாய்க்கும், தம் வீட்டில் தினம் சண்டை என்று ஆதங்கப்பட்டார். ஐயா, நாங்கள் இரண்டு பேர் என்று ஆய்வகக்காரர் சொன்னதற்கு, அது உங்கள் கருத்து என்று பதில் வந்தது. கருத்துக்கும் பதிவுக்கும் வித்தியாசம் உண்டு, கருத்தை மாற்றிக்கொள்ளலாம், பதிவை மாற்ற முடியாது என்றும் விளக்கினார். அருகில் மாற்றத் தூதர் வில்லையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உதவி மையத்துக்குப் போன் செய்தால், பாட்டை எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள். கனிவான குரல். பிரித்துத்தரக் கேட்டு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றாள். அவர் அங்கேயே உருகிப்போனார்.

“ஆனா நீங்க விண்ணப்பிச்சா, இன்னொருத்தர் தன்னோட சொந்தக் கணக்குல வந்து சம்மதம் சொல்லணும் சார்.”

“அவளுக்குத்தான் சொந்தக் கணக்கே இல்லையேம்மா.”

“ஆமா சார். பிரிச்சதும் கிடைச்சிடும்.”

மூக்கைத் தொடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிப்போட்ட கதையாக இருந்தது. வேறு வழியே இல்லையா என்று கெஞ்சியதற்கு அவள் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னாள். விவாகரத்துச் சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினால் அரைமணியில் இரண்டு பேராகிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் தம்பதி மாறுதல் கேட்க முடியுமா என்று இவர் கேட்டார். அதெப்படி சார், அப்போதுதான் நீங்கள் தம்பதி இல்லையே என்று அவள் நியாயமாகக் கேட்டாள். போனை வைப்பதற்கு முன்னால் தன் சேவை எப்படி இருந்தது என்பதற்கு ஐந்து முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

அடுத்ததாக விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒரே நாளில், ஒரே வேளையில், ஆற்றோரத்திலும் மலையடியிலும் வாசல் விரல்ரேகைக் கருவியில் வருகை பதிவாகியிருப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் என்று ஆய்வகக்காரர் எழுதி அனுப்பினார். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. மனைவி சொன்னபடி, பதிலை ‘கடும் உழைப்பினால்’ என்று மாற்றி மறுபடி அனுப்பினார். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த பணியாளர் விருதுக்கு ஏகம் தானாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு வளாகத்தில், இரண்டு பதவியில், ஒருநாள்கூட விடுப்பு இல்லாமல் வேலை பார்ப்பவர். மனைவி விடுப்பு எடுத்த நாளில் கணவர் வந்திருந்தார், கணவர் காய்ச்சலில் படுத்த நாளில் மனைவி வந்திருந்தாள். அப்படிப்பட்ட மாமனிதரைப் பார்க்கத் தலைமையகமே ஆவலாக இருந்தது.

“போவோம்” என்றாள் மனைவி. “ரெண்டு பேரும் போய் மேடையில நிப்போம். கண்ணு இருக்கில்ல அவங்களுக்கு?”

தலைமையக மண்டபத்தில் மகளை நடுவில் உட்காரவைத்து மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒரு கையால் அம்மாவையும் மறு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டாள். வேலையில் சேர்ந்த பிறகு குழுமம் அவருக்குச் செய்த ஒரே நல்லது அந்த அரைமணி நேரம்தான். பெயர் வாசித்ததும் கணவனும் மனைவியும் எழுந்து மேடை ஏறினார்கள். இருந்தது ஒரே கேடயம். இயக்குநர் யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். சபையில் யாரோ சிரித்தார்கள். ஆய்வகக்காரர் கைகூப்பி, ஐயா, கண்ணால் பாருங்கள், நாங்கள் இரண்டு பேர் என்றார்.

இயக்குநர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு ரெண்டு பேர் தெரியறாங்க. மறுக்கல. ஆனா கண்ணால பாத்து முடிவெடுக்கறதுதான் பழைய நிர்வாகத்தோட சாபக்கேடு. ஒரு எழுத்தர் பாப்பாரு, பாவம்னு நினைப்பாரு, ஒண்ணைச் செய்வாரு, ஒண்ணைக் கிழிப்பாரு. அந்தப் பாவம் பாக்கற வேலையை ஒழிக்கத்தான் இவ்வளவு பாடுபட்டோம்.”

கீழே சபையில் உட்கார்ந்திருந்த மாற்றத் தூதர் குனிந்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, பத்திரிகைக்காரர்கள் வேறு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் நிலைமையை மோப்பம் பிடித்துவிட்டார். ஏகத்தால் முடியாதது இல்லை என்று அங்கேயே அறிவித்தார். தம் சிறப்பு அதிகாரத்தால் இவர்களை இந்த மேடையிலேயே இரண்டு பேராக்குவதாகச் சொல்லி, மடிக்கணினியில் எதையோ தட்டினார். பிறகு இவர்களை ஒன்றாக்கியதும் தாமே, பிரித்ததும் தாமே, இரண்டும் சாதனைதான் என்று முடித்தார். ஆய்வகக்காரர் நன்றி தாங்காமல் அழுதார். இனி ஏதாவது ஒரு மனு பலித்தால் போதும், மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தார்.

ஆனால் ஏகத்தில் ஒரு சிறப்பு இருந்தது. தவறாக முடங்கிப்போன கோரிக்கைகள், தவறு நீங்கியதும் தாமாகவே உயிர் பெற்று, மனிதக் கை படாமல் நிறைவேறும். அவர்கள் மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய இரண்டு மாறுதல் மனுக்களும் உயிர் பெற்றன. ஒரு மனு ஆய்வகக்காரரை மலையடிக்குக் கேட்டது. அவர் மனைவி கிளம்பிவிடுவதால் ஒரு ஆளுக்கு அங்கே இடம் இருந்தது. இன்னொரு மனு மனைவியை ஆற்றோரத்துக்குக் கேட்டது. அவர் கிளம்பிவிடுவதால் அங்கேயும் இடம் இருந்தது. இரண்டையும் ஏகம் ஒரே நொடியில் நிறைவேற்றியது. ஏகத்தில் அவள் போன் எண் இன்னும் அவருடைய எண்ணாகவே இருந்ததால் இரண்டு ஆணையும் அவர் போனுக்கே வந்தன. முதல் ஆணையைப் படித்துவிட்டு மகளைத் தூக்கிச் சுற்றினார். இரண்டாவதைப் படித்துவிட்டு இறக்கிவிட்டார்.

கண்காணிப்பாளருக்கு இதில் என்ன குறை என்றே விளங்கவில்லை.

“நீங்க கேட்டது கிடைச்சுது. அவங்க கேட்டதும் கிடைச்சுது. இத்தனை வருஷத்துல ஒரு குடும்பத்துல ரெண்டு பேருக்கும் நாங்க மாறுதல் குடுத்ததே இல்லை. அப்புறமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டா எப்படி?”

ஒன்றை மட்டும் ரத்து செய்யக் கேட்டார். மூன்றாண்டுகளுக்கு ரத்து இல்லை என்றார்கள். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். அவளுடைய நூலகக் கணினி அவளை அடுத்த திங்களிலிருந்து உள்ளே விடாது. வேலையை விட்டுவிடட்டுமா என்று இவர் கேட்டார், நானே விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். எந்த வேலைக்காக, பெற்ற குழந்தையின் முகத்தை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்துக்கொண்டு இத்தனை வருடம் கிடந்தாரோ, அதை விடுவது என்றால், கிடந்ததெல்லாம் எதற்கு என்ற கேள்வி வந்து நின்றது. அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு பேரும் பெட்டி கட்டினார்கள்.

மாற்றத் தூதர் அவரை நடையில் வழிமறித்தார்.

“என்னை என்ன செய்யச் சொல்றீங்க தம்பி? கிழிக்கறதுக்குக் கையில காகிதம் இல்லையே.”

அவர் கண் கலங்கியிருந்தது. வில்லையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆய்வகக்காரர் பெட்டியோடு மலையடிக்கு வந்து சேர்ந்தார். மகளின் பள்ளிக்கூடம் அங்கே, அதனால் மகளும் அங்கேதான். ஞாயிறு காலைப் பேருந்தில் மனைவி கிளம்பினால்தான் திங்களன்று ஆற்றோரத்தில் சேர முடியும். அந்த இடைப்பட்ட நேரத்தில் அவள் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். பின்னலை எப்படி இறுக்கமாகவும் வலிக்காமலும் போடுவது, பாலை எந்த டம்ளரில் கொடுத்தால் குடிப்பாள், எந்தச் செருப்பு கடிக்கும், எப்போது வயிற்றுவலி பொய், எப்போது நிஜம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

பேருந்து வந்தது. மகள் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து அப்பாவிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள். பக்கத்தில் ஒளிந்துகொள்ள அம்மா இல்லை.

ஆய்வகக்காரரின் போன் அடுத்தடுத்து இரண்டு முறை அதிர்ந்தது. அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ‘உங்கள் தம்பதி மாறுதல் கோரிக்கை நிறைவேறியது. உங்கள் மனநிலையைக் குறிக்கும் முகத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்றது ஏகம். மகள் எட்டிப் போனை வாங்கினாள். ஐந்து முகங்களில் சிரிக்கிற முகம்தான் அழகாக இருந்தது. அதை அழுத்தினாள். இரண்டாவதிலும் அதையே அழுத்தினாள். ஏகம் இரண்டு முறை நன்றி சொன்னது.

போனை அவள் திருப்பிக் கொடுப்பதற்குள் அது மணியடித்தது. திரையில் அம்மாவின் படம். பேருந்து இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது. மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

“அப்பா, இந்தாங்க” என்றாள். “போன் அம்மா.”